ஊடல் அன்று, நோய்

தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகின்றேன். ஐந்திணைக்கும் உரிப்பொருள் வகுத்த நம் முன்னோர், மருதத்திற்கு ஊடலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரியவாக்கினர். இரண்டிலும் முகம் வாடும். இரண்டிலும் பேச்சுக் குறையும். புறத்தே நின்று காண்போர்க்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றக்கூடும். ஆயின் அகத்தே அவை வெவ்வேறானவை. ஊடியிருப்பவள் கதவை அடைத்துவிட்டுக் காலடி ஓசைக்குச் செவி சாய்த்திருப்பாள். இரங்கியிருப்பவளோ, வருவார் என்னும் நம்பிக்கை தேயத் தேயத் தன்னுள் தானே கரைந்துகொண்டிருப்பாள். முன்னது ஓர் அழைப்பு. பின்னது அழைக்கும் ஆற்றலும் அற்றுப்போன நிலை.

ஊடலுக்கு முடிவு உண்டு, அம்முடிவு கூடல். இதனாலன்றோ வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என அமைத்து, உணவுக்கு உப்புப் போல ஊடலும் அளவோடு இருத்தல் நன்று என்னும் கருத்தை வழங்கினார்! ஆனால் அழைப்பே இல்லாத மௌனத்தையும் ஊடல் என்று கருதிக்கொண்டு, 'தணியட்டும், தானாக வரட்டும்' என்று நாம் காத்திருந்தால் என்ன நேரும்? இவ்வினாவை இலக்கிய வினாவாக நான் எழுப்பவில்லை. அகத்திணையைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திவரும் நான், என் உடன்பிறந்தவரின் மௌனத்தைப் பிழையாகப் படித்தேன். அப்பிழையை மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் படிக்கும் இம்மலரில் பதிவு செய்வது என் கடமை எனக் கருதுகின்றேன்.

பிழையாகப் படித்த மௌனம்

என் மூத்த சகோதரி, எங்கள் வழக்கில் ராத்தா, எங்கள் ஊரிலேயே நான்கு தெரு தள்ளி வாழ்ந்து வந்தார். மச்சான் வளைகுடா நாடொன்றில் பணியாற்றினார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து செல்வார். சபர் சென்றவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் நிறைந்த கடற்கரை ஊரில் இதில் புதுமை ஏதுமில்லை. மூன்றாவது குழந்தை பிறந்து சில மாதங்கள் கழிந்தபின் ராத்தாவின் போக்கு மாறியது. முதலில் கல்யாண வீடுகளுக்கு வருவது நின்றது. பின்னர் மௌத்து வீடுகளுக்கு வருவதும் நின்றது. நோன்புப் பெருநாளன்று உம்மாவைக் காண வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் பிள்ளைகளே எடுத்து, 'உம்மா படுத்திருக்காங்க' என்றனர்.

எங்கள் குடும்பம் இதற்குப் பல பொருள் கண்டது. 'கையில் பணம் வந்ததும் உறவு கசந்துவிட்டது' என்றார் ஒருவர். 'வீட்டுப் பங்கு பிரித்ததில் மனத்தாங்கல்' என்றார் இன்னொருவர். விடுப்பு ஒத்திப்போனதால் தம்மீது கோபம் என்று மச்சான் எண்ணிக்கொண்டார். பேச்சு வளர்ந்தால் சண்டையாகுமென்று அழைப்புகளைச் சுருக்கிக்கொண்டார். நானும் ஒரு பொருள் கண்டேன். என் மகளின் அகீகாவுக்கு ராத்தா வராதது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. 'வராதவர் அவர், வந்து காரணம் சொல்ல வேண்டியவரும் அவரே' என்று இருந்துவிட்டேன். பதினான்கு மாதங்கள் அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவ்வழியே செல்ல நேர்ந்தால் அடுத்த தெருவைச் சுற்றிச் சென்றேன். அறியாதவன் செய்தது போலன்று இது. ஊடலின் இலக்கணம் அறிந்தவன் செய்தது.

உண்மையை உணர்ந்தவர் எங்கள் உம்மம்மா ஒருவரே. எழுபத்தெட்டு வயது, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் நாள்தோறும் அஸருக்குப் பின் ஒரு கட்டு முருங்கைக் கீரையோடு ராத்தாவின் வீட்டுக்குச் சென்றார். 'ஏன் இப்படிக் கிடக்கிறாய்?' என்று அவர் கேட்கவில்லை. கட்டிலின் அருகே பாயை விரித்து அமர்ந்து கீரையை உருவத் தொடங்குவார். முடிந்ததும் எழுந்து வருவார். பல நாள்கள் ராத்தா திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் எழுந்து வந்து அருகில் அமர்ந்து தாமும் ஒரு கொத்தை எடுத்து உருவினார். அதற்கும் சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில், 'நான் மௌத்தாப் போனா இந்தப் புள்ளைகளை யாரு பாப்பாங்க உம்மம்மா?' என்று கேட்டாராம். அம்மூதாட்டி அலறவுமில்லை, அதட்டவுமில்லை. 'எத்தனை நாளா இந்த நினைப்பு ஓடுது மவளே?' என்று மட்டும் கேட்டார். அன்றிரவு என்னை வரவழைத்தார். மறுநாள் காலை நாங்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம்.

பேருந்தில் ராத்தா என்னிடம் பேசியது ஒரே தொடர்தான்: 'நீ வராம இருந்தது நல்லதுன்னுதான் நெனச்சேன் தம்பி, என்னால உனக்கு எதுக்குச் செரமம்?' அவர் என்மீது சினம் கொண்டிருக்கவில்லை. எனக்குத் தாம் ஒரு சுமை என்று நம்பியிருந்தார். நான் விலகி நின்ற ஒவ்வொரு நாளும் அந்நம்பிக்கைக்கு நானே சான்று வழங்கிக்கொண்டிருந்தேன்.

நோயின் இயல்பு

மன அழுத்தம் என்றும் டிப்ரஷன் என்றும் பொதுவழக்கில் வழங்கப்படுவதை இங்கு மனச்சோர்வு என்றே குறிக்கின்றேன். இது ஒருநாள் வருத்தமன்று. நாளின் பெரும்பகுதி உள்ளம் கனத்திருத்தல், முன்பு மகிழ்வு தந்தவற்றில் நாட்டம் இழத்தல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் குறைந்தது இரண்டு வாரங்கள் நீடிக்கும். அதனோடு உறக்கக் கேடு, பசி மாற்றம், அயர்ச்சி, கவனம் சிதறல், காரணமற்ற குற்றவுணர்வு, இறப்பைப் பற்றிய எண்ணம் முதலியனவும் சேர்ந்து வரும். உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்நோயால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட குறிப்பில் கணித்தது. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடையே இது மிகுதி. கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றிற்குப் பின்னரும் பல பெண்களைப் பற்றுவது. நம் நாட்டில் 2015–16இல் தேசிய மனநல ஆய்வு பன்னிரண்டு மாநிலங்களில் நடத்தப்பட்டது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதின்மரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றார் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்பதும் அவ்வாய்வு காட்டிய உண்மைகள். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஒரு கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களன் நான்கு கூறுவார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் அசைவு என்பதற்கு, பண்டை நிலை கெட்டு வேறொரு தன்மையராகி வருந்துதல் என்ற கருத்தில் பேராசிரியர் உரை கண்டுள்ளார். தொல்காப்பியர் இன்றைய மருத்துவம் கூறும் நோயைத்தான் குறித்தார் என்று வலிந்து பொருள் கொள்ள நான் முனையவில்லை. ஆயினும், இழப்பும் வறுமையும் இன்றியும் ஒருவர் தம் பழைய தன்மையினின்றும் தளர்ந்து வேறாகக்கூடும் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் இருந்தது. 'என்ன குறை இவளுக்கு? சோறில்லையா, துணியில்லையா?' என்று கேட்பவர்கள் இழவையும் வறுமையையும் மட்டுமே அறிந்தவர்கள், அசைவை அறியாதவர்கள்.

இந்நோய் உற்றார் ஏன் அன்புக்குரியோரை விட்டே முதலில் விலகுகின்றனர்? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தன்னைப் பற்றியும் தன் உலகைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்களே மனச்சோர்வில் மேலோங்குகின்றன என்றார் அவர். 'நான் பயனற்றவள், எவருக்கும் நான் வேண்டேன், இனி ஒன்றும் மாறாது' என்று உள்ளிருந்து ஒரு குரல் இடையறாது பேசிக்கொண்டிருக்கும்போது, அன்பு காட்டுவோர் முகத்தை எதிர்கொள்வதே கடினமாகின்றது. அயலாரிடம் இரண்டு சொல் பேசிச் சமாளிக்கலாம். தாயிடமும் தமக்கையிடமும் நண்பனிடமும் சமாளிக்க இயலாது. ஆதலின் எவர் மிக நெருங்கியவரோ அவரிடமிருந்தே விலகல் தொடங்குகின்றது. 'எல்லாரிடமும் பேசுகிறாள், என்னிடம்தான் பேசவில்லை' என்று குறைபடுவோர், அது தம் நெருக்கத்திற்கே அடையாளமாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருபுறமும் எழும் சுவர்

விலகல் நோயின் விளைவு மட்டுமன்று. நோயை வளர்ப்பதும் அதுவே. 1970களில் உளவியலறிஞர் பீட்டர் லூவின்சன் இதனை எடுத்துரைத்தார். சோர்ந்தவர் செயல்களைக் குறைக்கின்றார். செயல் குறைவதால் அதனால் விளையும் சிறு சிறு மகிழ்ச்சிகளும் குறைகின்றன. மகிழ்ச்சி குறைவதால் சோர்வு மிகுகின்றது. மிகுந்த சோர்வு மேலும் செயலைக் குறைக்கின்றது. கடையை அடைத்தால் வருவாய் நிற்கும். வருவாய் நின்றதே என்று கடையைத் திறவாதிருந்தால் கடன் ஏறும். அது போன்றதே இதுவும்.

இது ஒருபுறத்துச் சுவர். மறுபுறத்துச் சுவரை எழுப்புவோர் நாம். ஜேம்ஸ் காயின் என்னும் உளவியலறிஞர் 1976இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவியரை மனச்சோர்வுற்றோருடனும் ஏனையோருடனும் தொலைபேசியில் உரையாடச் செய்தார். மனச்சோர்வுற்றோருடன் உரையாடிய மாணவியர் தாமும் மனம் வாடினர். மீண்டும் அவர்களுடன் பழகும் விருப்பமும் அவர்களிடம் குறைந்து காணப்பட்டது. அவர்கள் தீயவர்களல்லர். துயரின் அருகில் நிற்பது கடினம், அவ்வளவே. காயின் கூறிய விளக்கம் நம் வீடுகளுக்கும் பொருந்துவதே. சுற்றத்தார் முதலில் ஆறுதல் கூறுகின்றனர். ஆறுதல் பலிக்காதபோது அறிவுரை கூறுகின்றனர். அதுவும் பலிக்காதபோது உள்ளூர எரிச்சல் கொள்கின்றனர். புறத்தே இன்சொல்லும் அகத்தே சலிப்புமாக இருக்கின்றனர். சோர்ந்தவர் அச்சலிப்பை உடனே உணர்ந்துகொள்கின்றார். 'நான் நினைத்தது மெய். இவர்களுக்கு நான் பாரமே' என்று முடிவு செய்து மேலும் உள்ளே செல்கின்றார். பின்னர் இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் குறைகூறிக் காத்திருக்கின்றனர். யார் முதற்கல்லை வைத்தார் என்று ஆராய்வதில் பயனில்லை. எவருடைய கை இன்னும் வலுவோடு இருக்கின்றதோ அவரே முதற்கல்லை அகற்ற வேண்டியவர்.

என் வாதத்தின் உயிர்நிலை இதுவே. கால் முறிந்தவரை 'நீயே நடந்து வந்து என்னைப் பார்' என்று எவரும் கூறுவதில்லை. மனம் தளர்ந்தவரிடம் மட்டும் நாம் அதனைக் கூறுகின்றோம். உறவுக்கான முதலடியை நலமாக இருப்பவரே வைத்தல் வேண்டும். அவ்வடிக்கு மறுமொழி கிடையாவிடினும் அடுத்த அடியையும் அவரே வைத்தல் வேண்டும்.

'எல்லா மௌனமும் நோயா? உண்மையிலேயே சினந்து ஒதுங்குவோர் இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. ஆயின் இரு பிழைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சினத்தை நோயென்று கருதி ஒருவர் வீட்டுக்குச் சென்றால், நம் தன்மானத்தில் ஒரு கீறல் விழும். பெரும்பாலும் அச்சினமும் தணியும். நோயைச் சினமென்று கருதிச் செல்லாதிருந்தால், ஓர் உயிரே போகக்கூடும். இரு தட்டுகளும் சமமல்ல.

ஈமான் குறைவா?

நம் சமுதாயத்தில் இந்நோயைப் பற்றி வழங்கும் ஒரு சொல்லை ஈண்டு எடுத்துரைக்காமல் செல்ல இயலாது. 'ஈமான் உறுதியாக இருந்தால் மனம் தளருமா? தொழுதால் சரியாகிவிடும்' என்பதே அது. நல்லெண்ணத்தோடு கூறப்படும் இச்சொல், சோர்ந்தவரின் தோளில் இரண்டாவது சுமையை ஏற்றுகின்றது. முன்பு அவர் மனிதரிடமிருந்து மட்டும் விலகியிருந்தார். இப்போது இறைவனிடமிருந்தும் தாம் தள்ளப்பட்டுவிட்டதாக அஞ்சத் தொடங்குகின்றார்.

இறைமறை கூறும் யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்வோம். யூசுஃபைப் பிரிந்த துயரம் ஆறாதிருக்க, மற்றொரு மகனும் பிரிக்கப்பட்ட செய்தி வந்தபோது, அவர்கள் தம் மக்களைவிட்டு முகம் திருப்பிக்கொண்டார்கள்; அடக்கிய துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று சூரா யூசுஃப் பேசுகின்றது. மக்கள் என்ன கூறினர்? 'இப்படியே நினைத்து நினைத்து அழிந்துபோவீர்கள்' என்னும் கருத்துப்படக் கடிந்துகொண்டனர். இன்றைய வீடுகளில் நாம் கேட்கும் அதே குரல்! நபிமார்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது என் நோக்கமன்று; அது பொறுக்கத்தக்க செயலுமன்று. நபியாகவே இருந்தவர்கள் துயரத்தால் முகம் திருப்பிக்கொண்டதை இறைமறை ஈமான் குறைவென்று இகழவில்லை என்பதையே சுட்டுகின்றேன். மேலும், அத்துயரத்தினூடே அவர்கள் தம் மக்களுக்கு இட்ட பணி, சென்று சகோதரர்களைத் தேடுங்கள், இறையருளில் நம்பிக்கை இழவாதீர்கள் என்பதாம். மக்கள் தேடிச் சென்றனர். தேடிச் சென்றதனாலேயே கண்டடைந்தனர்.

மருத்துவம் இறைநம்பிக்கைக்கு மாறானது என்பாரும் உளர். பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934), உடல்நலம், உளநலம் ஆகிய இரண்டையும் ஒருங்கே வைத்து ஒரு நூல் இயற்றினார். அதில் துயரத்தை இருவகைப்படுத்தினார். இழப்புப் போன்ற அறியப்பட்ட காரணத்தால் வருவது ஒன்று. காரணம் புலப்படாமல் வருவது மற்றொன்று. பின்னது உடலோடு தொடர்புடையது, மருத்துவத்தால் நீக்கத்தக்கது என்று அவர் கருதினார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் வகுத்த இவ்வேறுபாட்டை, 'காரணமே இல்லாமல் எதற்கு அழுகிறாய்?' என்று கேட்கும் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஏர்வாடி உணர்த்தியது

விலகல் முற்றினால் எங்கே சென்று முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பிடம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். தீ கொன்றது ஓர் இரவில். ஆயின் அவர்களை உறவுகளிடமிருந்து பிரித்த சங்கிலி அதற்கு நெடுநாள் முன்பே பிணைக்கப்பட்டிருந்தது. 'கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்' என்னும் சொல்லில் எத்துணைத் துயரம் அடங்கியிருக்கின்றது! வறுமையும் அறியாமையும் மருத்துவ வசதியின்மையும் அக்குடும்பங்களை அந்நிலைக்குத் தள்ளின. அவர்களை இகழ்வது நம் நோக்கமன்று. இன்றோ நிலைமை மாறியுள்ளது. ஏர்வாடியிலேயே மருந்தும் துஆவும் ஒருங்கே கிடைக்க வழி செய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருதி, அவருக்குப் பராமரிப்பு அளிக்கும் கடமையை அரசுக்கு விதித்தது. இரும்புச் சங்கிலி சட்டத்தால் விலக்கப்பட்டது. மௌனம் என்னும் சங்கிலியை விலக்கச் சட்டத்தால் ஆகாது, உறவாலேயே ஆகும்.

செய்யத்தக்கன

உறவால் என்ன செய்ய இயலும் என்று ஐயுறுவோர்க்குக் கோவாவில் நடந்த ஒரு முயற்சியைக் கூறுவேன். மருத்துவப் பட்டம் பெறாத, அவ்வூர் மக்களுள்ளேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பட்டவர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளரைச் சில அமர்வுகள் சந்தித்து, விட்டுப்போன சிறு செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கத் துணை நின்றனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரைவிட இவர்கள் மிகுதியாக நலமடைந்தனர் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எங்கள் உம்மம்மா இவ்வாய்வைக் கேள்வியுற்றவரல்லர். ஆயினும் முருங்கைக் கீரை கொண்டு அவர் செய்தது இதற்கு மிக அருகில் நிற்பது.

மாணவச் செல்வங்களே! உங்கள் விடுதி அறையில் ஒருவன் உணவுக்கு வராமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால், 'காதல் தோல்வியா?' என்று கேலி பேசாதீர்கள். தட்டில் சோறு எடுத்துச் சென்று அருகில் அமருங்கள். 'சாகத் தோன்றுகிறதா?' என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டா. பரிவோடு நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. மாறாக, மூடிக் கிடந்ததைப் பேச வழி திறக்கின்றது. 'ஆம்' என்று கூறினால் அவனைத் தனியே விடாதீர்கள். 'எவரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களிக்கவும் வேண்டா. ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே தெரிவியுங்கள். அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாகப் படித்துவந்த மாணவி திடீரென வகுப்புக்கு வாராதொழிந்தால், வருகைப் பதிவேடு அதனை ஒழுங்கீனமாகவே பதிவு செய்யும். பதிவேட்டுக்கு வேறு மொழி தெரியாது. வருகைக் குறைவு அறிவிப்பில் கையொப்பமிடுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்போமாக. 'ஏன் வரவில்லை?' என்பதைவிட, 'உன்னைக் காணவில்லையே அம்மா' என்பது நல்ல தொடக்கம். முன்னது விளக்கம் கேட்கின்றது. பின்னது இடம் காலியாக இருப்பதை உணர்த்துகின்றது.

சமுதாயப் பெரியோர்களே! உங்கள் சொல்லுக்கு மஹல்லாவில் மதிப்பு உண்டு. ஜும்ஆ மேடையில் ஒருமுறை, 'மனநோய்க்கு மருத்துவரிடம் செல்வது சுன்னத்தான மருத்துவத் தேடலில் சேர்ந்ததே' என்று கூறப்பட்டால், பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி மறைக்கும் எத்தனையோ வீடுகளின் கதவு திறக்கும். தனித்திருக்கும் சபராளிகளின் மனைவியர், ஊர் திரும்பி வேலையின்றி இருக்கும் ஆண்கள், மக்கள் அயல்நாடு சென்றுவிட்ட முதியோர் ஆகியோர் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வீடுகளுக்கு நன்கொடை கேட்க மட்டும் செல்லாமல், நலம் கேட்கவும் செல்லுங்கள்.

உடனிருப்போர் அனைவருக்கும் இன்னும் இரண்டு செய்திகள். மனச்சோர்வுக்கான மருந்துகள் உண்ட அன்றே பயன் தருவன அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் 'மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்துவதும், நலமானவுடன் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் தவறு. இரண்டாவது, உடனிருப்பவரும் மனிதரே. அவருக்கும் சலிப்பு வரும். ஒருவரே முழுச்சுமையையும் தாங்க முற்பட்டு, பின் ஒருநாள் முற்றிலும் கைவிடுவதைவிட, நால்வர் முறைவைத்துச் சிறிது சிறிதாகத் தாங்குவது நன்று. நெடுநேரம் பேச வேண்டுமென்பதில்லை. நாள்தோறும் வந்து போகின்றார் என்னும் உறுதி போதும். ஆடை நழுவும்போது கை தானே விரைவது போன்றது நட்பு என்று வள்ளுவர் உவமை காட்டினார். அக்கை, ஆடையிடம் விளக்கம் கேட்டு நிற்பதில்லை.

நிறைவாக

ராத்தா இன்று நலமாக இருக்கின்றார். மருந்து ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்தது. மச்சான் ஊர் திரும்பிச் சிறு கடை வைத்துள்ளார். உம்மம்மா இறைவனடி சேர்ந்துவிட்டார். அவரது கபுரின் அருகே நிற்கும்போதெல்லாம், எழுத்தறியாத அம்மூதாட்டி ஒரு மௌனத்தைச் சரியாகப் படித்தார் என்பதும், முதுகலையும் எம்.பில்.லும் பயின்ற நான் அதனைப் பிழையாகப் படித்தேன் என்பதும் என் நினைவுக்கு வருகின்றன.

சென்ற ஆண்டு ராத்தா என்னிடம் ஒன்று கேட்டார். சின்னவன் முதன்முதலில் நடந்தது எந்த மாதம் என்று அவருக்கு நினைவில்லை. அக்காலம் முழுவதும் அவருக்குப் புகைபடிந்தே இருக்கின்றது. 'உனக்கு நினைவிருக்கா தம்பி?' என்றார். எனக்கும் தெரியவில்லை. அப்போது நான் அடுத்த தெருவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

இக்கட்டுரையைப் படித்து முடிக்கையில் உங்கள் நெஞ்சில் ஒரு முகம் தோன்றக்கூடும். நெடுநாளாக வாராதவர், அழைத்தால் எடுக்காதவர், 'திமிர்' என்று நீங்கள் ஒதுக்கிவைத்த ஒருவர். அவர் ஊடியிருக்கின்றாரா, நொந்திருக்கின்றாரா என்று வீட்டிலிருந்தபடியே ஆராய்ந்து முடிவு கட்ட வேண்டா. இன்று மாலையே சென்று வாருங்கள்.